பென்சிலோடு போங்கள்: கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து வீடு, கார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, சனிக்கிழமை மதியத்தை என்ன செய்வது என்று தெரியாத ஒரு கட்டம் வரும். எனக்கு அது நாலாவது வருஷம் வந்தது. நூலகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய கல் வீடு உண்டு. வாசலில் பச்சைப் பலகை: கவுண்டி வரலாற்றுச் சங்கம், புதனும் சனியும் மதியம் 1 முதல் 4 வரை. அந்தப் பலகையைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே போனது ஒருநாள் மழைக்கு ஒதுங்கித்தான். போன அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று பின்னால் நினைத்த விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது பென்சில்வேனியாப் பக்கம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே அதிகம் வரும்.

இது என்ன மாதிரி இடம்

கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்க 3,100-க்கும் மேல் இருக்கின்றன. நீதிமன்றம், பத்திரப்பதிவு, ஷெரிஃப், சிறை எல்லாம் கவுண்டிக் கணக்குதான். அதனால் பழைய காகிதங்களும் கவுண்டி வாரியாகவே சேர்ந்து கிடக்கின்றன. வரலாற்றுச் சங்கம் பெரும்பாலும் அரசு அலுவலகம் கிடையாது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, புத்தக விற்பனை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடத்தும் கேக் விற்பனை என்று ஓடுகிற லாப நோக்கில்லாத அமைப்பு. பெரிய இடங்களில் சம்பளத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். சின்ன இடங்களில் சாவி வைத்திருப்பவரே தலைவர், காப்பாளர், குப்பை கொட்டுபவர் எல்லாமும்.

எந்த அளவுக்கு இது பெரிதாகும் என்று பார்க்க ஆசையிருந்தால் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் இருக்கும் டாய்ல்ஸ்டவுன் போய் வாருங்கள். பக்ஸ் கவுண்டி வரலாற்றுச் சங்கம் 1880-ல் தொடங்கியது. அதில் இருந்த ஹென்றி மெர்சர் என்பவர் 1897-ல் அடுப்புக்கு இடுக்கி வாங்கப் பழைய சாமான் விற்பவரிடம் போனார். அங்கே குவிந்து கிடந்த ரம்பம், உளி, வெண்ணெய் கடையும் மத்து, நூற்பு ராட்டினம் எல்லாவற்றையும் பார்த்ததும், இயந்திரம் வந்த பிறகு இவற்றை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று புரிந்து, சேர்க்க ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் குப்பை என்று சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. அவற்றை வைக்க 1913-லிருந்து 1916 வரை முழுக் கான்கிரீட்டில் ஆறு மாடிக் கோட்டை ஒன்றைக் கட்டினார். நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் திமிங்கில வேட்டைப் படகும் குதிரை வண்டியும் உத்தரத்திலிருந்து தொங்கும். கான்கிரீட்டுக்குக் காரணம் தீ பற்றிய பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயில் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி போய்விட்டது. அந்தப் பத்தாண்டில் குடியேறியவர்களைத் தேடுகிறவர்கள் இன்றும் அந்தத் தீயைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஏடு எரிந்தால் ஊர்ச் சங்கத்தில் கிடக்கும் தேவாலயப் பதிவும் கடைக் கணக்குமே கதி.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு மாறும். மினசோட்டாவில் மாநிலம் உருவானதே 1858-ல். வரலாற்றுச் சங்கம் 1849-லேயே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் 1919-லிருந்து ஒவ்வொரு ஊரும் அதிகாரபூர்வமாக ஒரு வரலாற்றாளரை நியமிக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. அங்கே இருப்பவர்கள் சங்கத்தைத் தேடும்போது ஊர் வரலாற்றாளர் யார் என்றும் கேட்டு வையுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு எல்லாவற்றையும் சங்கத்தில் தேடுவது. வீட்டுப் பத்திரம், உயில், திருமணப் பதிவு ஆகியவற்றின் மூலப் பிரதி கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும். பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் பொது நூலகத்தில் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கு மைய அரசிடம், அதுவும் 72 வருஷம் கழித்துத்தான் வெளிவரும். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-ல்தான் திறந்தார்கள், 1960-க்கு 2032 வரை பொறுக்க வேண்டும். சங்கத்தில் இருப்பவை இந்த எதிலும் சேராதவை: புகைப்படங்கள், நாட்குறிப்புகள், கடிதங்கள், பள்ளி ஆண்டு மலர்கள், விவசாயியின் கணக்கு நோட்டு, மூடிப்போன கம்பெனியின் சம்பளப் பட்டியல், தையற்காரியின் அளவுப் புத்தகம்.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். பலகையில் 1 முதல் 4 என்று போட்டிருந்தாலும் அன்றைக்குச் சாவிக்காரருக்கு மூட்டுவலி என்றால் பூட்டுதான். சில இடங்கள் ஜனவரி, பிப்ரவரியில் மூடியே இருக்கும். என்ன தேடுகிறீர்கள் என்பதை முன்கூட்டிச் சொன்னால் பெட்டியை எடுத்து வைத்திருப்பார்கள்.

கேள்வியைச் சின்னதாக்கிக்கொண்டு போங்கள். 'இந்த ஊர் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். 'எங்கள் தெருவுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது' என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பழகிக்கொள்ள ஒரு வேலை: உங்கள் வீட்டு மனையின் கதை

நம்மவர்களில் பலர் குடியிருப்பது 1990-களுக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளில். 'இதற்கென்ன வரலாறு' என்று தோன்றும். அந்த மனை அதற்கு முன் யாருடையதோ சோளக்காடாக இருந்திருக்கும்; பல இடங்களில் தெருப் பெயரே அந்தப் பண்ணைக்காரரின் குடும்பப் பெயர்தான்.

நீதிமன்றக் கட்டடத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய், உங்கள் பத்திரத்தில் இருக்கும் புத்தக எண், பக்க எண்ணைக் காட்டி ஆரம்பியுங்கள். ஊரில் வில்லங்கம் பார்த்துத் தாய்ப்பத்திரம் தேடுகிற அதே வேலைதான். விற்றவர் பெயருக்கு ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஒரு அட்டவணை. உங்களுக்கு விற்றவர் எப்போது வாங்கினார், அவருக்கு விற்றவர் எப்போது வாங்கினார் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். நடுவில் சங்கிலி அறுந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு சாவு இருக்கும். பத்திரத்தை விட்டுவிட்டு உயில் பக்கம் போக வேண்டும்.

நாலைந்து பெயர்கள் கையில் வந்ததும் சங்கத்துக்கு வாருங்கள். கவுண்டியின் பழைய நில வரைபடத் தொகுதியைக் கேளுங்கள்; 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அச்சான பலவற்றில் ஒவ்வொரு வீட்டுப் புள்ளிக்குப் பக்கத்திலும் உரிமையாளர் பெயர் இருக்கும். மனை டவுனுக்குள் என்றால் சான்பார்ன் வரைபடம் கிடைக்குமா பாருங்கள். தீக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகப் போட்டவை அவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், கல் என்றால் நீலம். நான் முதன்முதலில் ஒரு தாளை விரித்துப் பார்த்தபோது, இப்போது வங்கி இருக்கும் மூலையில் மஞ்சளாக ஒரு குதிரைக் கொட்டடி, அதை ஒட்டியே இன்னொரு மஞ்சள் சதுரத்தில் வைக்கோல் கிடங்கு. இதற்கு எந்தக் கம்பெனி காப்பீடு கொடுத்திருக்கும் என்று சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே நடந்துகொள்ளும் முறை எளிது. பையை அலமாரியில் வைக்கச் சொல்வார்கள். காபி கூடாது. பேனா கூடாது, பென்சில் மட்டும். காகிதத்தைத் தொடக் கையுறை தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த கை போதும். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு மங்கி, மொறுமொறுத்துப் போன தாளைக் கிழித்துவிடுவோம். புகைப்படமும் நெகட்டிவும் நேர்மாறு. அவற்றுக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம், ரேகை பதிந்தால் போகாது. கைபேசியில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். எடுக்கும்போது பெட்டியின் எண்ணும் கோப்பு உறையின் எண்ணும் தெரிகிற மாதிரி முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நான் நாற்பது படம் எடுத்துவிட்டு, எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் மறுபடி போய் நின்றேன்.

தொண்டராகச் சேர்வது

நாலைந்து தடவை போய் முகம் பழகிவிட்டால் அவர்களே கேட்பார்கள். எண்பது வயது அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும். நமக்கு நாக்கு கூசும். பழகிவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எச்-4 போல வேலை அனுமதி இல்லாத விசாவில் இருப்பவர்களும் சம்பளமில்லாத் தொண்டு செய்யலாம். ஆனால் அது எல்லாரும் தொண்டாகவே செய்கிற வேலையாக இருக்க வேண்டும். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை ஓசியில் செய்வது சிக்கலில் கொண்டுபோய் விடும். அன்பாகப் பரிசுக் கூப்பன் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் என்றால் குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள், சங்கத்துத் தாத்தாவிடம் இல்லை.

முதல் நாள் சுவாரஸ்யமான வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கொடுத்தது ஒரு செருப்பு டப்பா. ஏலம் போன பண்ணை வீட்டுப் பரணில் கிடந்தது. உள்ளே நூற்றுக்கும் மேல் கறுப்பு வெள்ளைப் படங்கள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாக. ரப்பர் உருகி மேல் படத்தின் மேல் பழுப்புக் கோடாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஏதாவது எழுதியிருந்தவை பத்தோ பன்னிரண்டோ. அதில் ஒன்றின் பின்னால் அழகான சாய்வெழுத்தில்: 'அத்தையும் நாயும், ஏரிக்கரை.'

யாருடைய அத்தை? எந்த ஏரி? எழுதியவருக்கு அது ஊரறிந்த அத்தை. எழுபது வருஷம் கழித்து எங்களுக்கு அவர் தொப்பி போட்ட ஒரு பெண். நாயைக்கூட இனம் வைத்து அடையாளம் சொல்ல முடிந்தது, அத்தையைச் சொல்ல முடியவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து என் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் 'பெரியம்மா வீட்டு விசேஷம்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வேலை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. பொருளைச் சேர்ப்பது பாதி; முழுப் பெயர், இடம், வருஷம் மூன்றையும் அதனோடு கட்டிப்போடுவது மீதி. அதற்குத் தொல்லியல் பட்டம் வேண்டாம். பொறுமையாகக் கேட்கவும் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும்.

அந்த டப்பாவில் நான் ஒரு தவறும் செய்தேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒவ்வொரு படத்தின் மேலும் சின்ன மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த மூத்த தொண்டர் ஒன்றும் பேசாமல் ஒன்றை உரித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத பசை மின்னியது. நாளைக்கு அங்கேதான் தூசி பிடிக்கும். முப்பது தாள்களையும் நானே உரித்தேன்.

அதனால் கையோடு சில கட்டளைகள். துருப்பிடித்த கிளிப், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்காதீர்கள். பின்பக்கம் மெல்லத் தகடு நுழைத்துக் கால்களை நிமிர்த்தி எடுக்க வேண்டும். கிழிந்த தாளுக்கு செலோடேப் எந்தக் காலத்திலும் கூடாது. லேமினேட் செய்வது அதைவிடப் பாவம், திருப்பவே முடியாது. படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பிந்தைய காலத்து வழவழப்புத் தாளில் பென்சில் ஏறாது; அதற்குப் படத்தை வைக்கும் உறையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். 1970-களில் வந்த, பசைத் தாளின் மேல் பிளாஸ்டிக் மூடிய ஆல்பங்கள் நம் வீடுகளிலும் உண்டு. அதில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் கிளப்பாமல், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பது போல மெல்ல இழுத்து எடுப்பார்கள். முதல்முறை பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும்.

பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை அடித்தால் மூடிவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அசிடேட் ஃபிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது, பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும். அதற்கும் முந்தைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றக்கூடியது. அதைத் தனியாக வைப்பார்கள்.

எண் போடுவது எப்படி

புதியவர்களைப் பயமுறுத்துவது இந்த எண்தான். 2019.22.7 என்று ஒரு படத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 2019-ல் வந்தது, அந்த வருஷம் வந்த 22-ஆவது நன்கொடை, அந்த நன்கொடையில் 7-ஆவது பொருள். அவ்வளவுதான். இதில் அழகு என்னவென்றால், ஒரே வீட்டிலிருந்து வந்த தொப்பி ஒரு அலமாரியிலும் கடிதம் வேறு அறையிலும் போய்விட்டாலும் 2019.22 என்ற எண் இரண்டையும் உறவு சொல்லிக்கொண்டே இருக்கும். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு பொருளுக்குக் கொடுக்கவே கூடாது, பொருள் தொலைந்துபோனாலும்.

துணி என்றால் எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் பிடிப்பார்கள். மரம், உலோகம், பீங்கான் என்றால், பின்னால் சுரண்டாமல் நீக்கக்கூடிய தெளிந்த பூச்சை முதலில் தடவி, அதன் மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. கணினியில் ஏற்றப் பல சின்னச் சங்கங்கள் பாஸ்ட்பெர்ஃபெக்ட் என்ற மென்பொருளை வைத்திருக்கின்றன. எக்செல் தெரிந்த எவரும் இரண்டு நாளில் பழகலாம். நம் ஆட்களுக்கு இங்கே கை ஓடும். ஓடுகிறதே என்று பழைய பட்டியலை ஒரே இரவில் 'சரிசெய்து' விடாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் ஒருவர் எழுதிய கோணல் குறிப்புக்குப் பின்னால் காரணம் இருக்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, ஸ்டூடியோ பெயர், பென்சில் கணக்கு எதுவானாலும்.

பெயர்கள் செய்யும் கண்ணாமூச்சி

பழைய செய்தித்தாளில் பெண்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். 'திருமதி ஜான் ஸ்மித்' என்று கணவர் பெயருக்குப் பின்னால் மறைந்திருப்பார்கள். அவர் பெயர் என்ன என்று கண்டுபிடிக்க மக்கள்தொகைக் கணக்கு, கல்லறை, தேவாலயப் பதிவு என்று சுற்ற வேண்டும். கணவர் இரண்டு கல்யாணம் செய்திருந்தால் எந்தத் திருமதி என்பது அடுத்த கேள்வி.

நம் பெயர்களும் நூறு வருஷம் கழித்து இதே பாடுதான் படுத்தப்போகின்றன. அப்பா பெயர் முன்னெழுத்தாக இருந்து கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக மாறியவர்கள், ஒற்றைப் பெயரோடு வந்து விசாவில் 'எஃப்.என்.யூ' ஆனவர்கள் நம்மில் ஏராளம். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வருங்காலத்தில் யாராவது ஒரு கவுண்டியின் பதிவுகளைப் புரட்டி, 'இந்த எஃப்.என்.யூ குலத்தார் எங்கிருந்து இவ்வளவு பேர் வந்தார்கள்' என்று கட்டுரை எழுதினாலும் ஆச்சரியமில்லை. ஆகவே தமிழ்க் குடும்பம் ஒன்றின் பொருளைப் பதிவு செய்யும்போது எது அவர் பெயர், எது அப்பா பெயர், எது ஊர்ப் பெயர் என்று குறிப்பில் விளக்கி எழுதுங்கள். இந்த வேலையை உங்களை விட்டால் அந்தக் கட்டடத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது.

காகிதத்தையும் சந்தேகப்படுங்கள்

பக்ஸ் கவுண்டியில் ரைட்ஸ்டவுன் என்ற ஊர் இருக்கிறது. 1686-ஐச் சேர்ந்தது என்று சொல்லி ஒரு பத்திரத்தைக் காட்டி, ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் தங்களுக்கு என்று, அன்று பென்சில்வேனியாவுக்கு உரிமையாளர்களாக இருந்த பென் குடும்பத்தார், அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாபே மக்களிடம் சொன்னார்கள். 1737 செப்டம்பரில் அந்த நடை அங்கேதான் தொடங்கியது. நடந்தார்களா? முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாக ஓடக்கூடிய மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்தார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை தாக்குப்பிடித்து 60 மைலுக்கும் மேல் போனார். லெனாபே மக்களிடமிருந்து பறிபோன நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்த மாதிரியே இருக்கும்.

பல சங்கங்களைத் தொடங்கியவர்கள் ஊரின் பெரிய குடும்பங்கள். எனவே அலமாரியில் அவர்களுடைய வெள்ளிக் கரண்டி இருக்கும். அவர்கள் வீட்டில் சமைத்தவரின் பெயர் இருக்காது. ஆனால் தேடினால் தடம் கிடைக்கும். பென்சில்வேனியாவில் 1780-ஆம் ஆண்டுப் படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம், அடிமைகளை வைத்திருந்தவர்கள் அவர்களைப் பெயர், வயதோடு பதிவு செய்தாக வேண்டும் என்றது. தொடர்ந்து வைத்திருப்பதற்காகச் செய்த அந்தப் பதிவேடுகளே இன்று அந்த மனிதர்களின் பெயர் மிஞ்சிய சில இடங்களில் ஒன்று. புதியவராகப் போகிற நமக்கு 'இதில் யார் இல்லை' என்று கேட்கிற வசதி உண்டு. உள்ளூர்க்காரருக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்வி அது. மெதுவாக, மரியாதையாகக் கேளுங்கள்.

வாய்மொழிப் பதிவு

பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்வது தொண்டர்களுக்குப் பிடித்த வேலை. போவதற்கு முன் ஒப்புதல் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாத பதிவைச் சங்கத்தால் வெளியிட முடியாது. சமையலறையில் உட்காராதீர்கள். மனிதக் காது ஃபிரிட்ஜ் சத்தத்தை மறந்துவிடும், மைக் மறக்காது. தொடக்கத்திலேயே தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்றால் 'நன்றாக இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். 'பள்ளிக்கூடத்துக்கு என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்கள், அதை யார் கட்டிக்கொடுத்தார்கள்' என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனதுக்குள் ஐந்து எண்ணினால், நல்ல விஷயம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். ஆமாம், ஆமாம் என்று நாம் ஆமோதிக்கிற பழக்கத்தைத் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் முதல் பதிவில் அந்தப் பெரியவர் குரலைவிட என் 'ம்ம்' அதிகம்.

நம் பெட்டியைக் கொடுப்பது

1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு வந்த தலைமுறைக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸில் வேங்கடேஸ்வரர் கோயில் எழுந்தது 1970-களின் பிற்பாதியில்; நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1977-ல். தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் சேர ஒரு கட்டடத்துக்குப் பொதுவாக 50 வயதாக வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ச் சங்கத்தின் தட்டச்சுச் செய்திமடல், பொங்கல் விழா விஎச்எஸ் நாடா, முதல் மளிகைக் கடையின் விலைப்பட்டியல் எல்லாம் இன்றைக்குக் கவுண்டி வரலாறுதான். இவை இப்போது இருப்பது யாருடைய பேஸ்மென்டிலோ, ஈரத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் நடுவில்.

கொடுக்க நினைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொள்கை உண்டு. இடநெருக்கடி எப்போதும் உண்டு. 'எங்களிடம் ஏற்கனவே பதினாறு தையல் இயந்திரம் இருக்கிறது' என்று மறுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏற்றுக்கொண்டால் கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். உரிமை முழுவதும் அவர்களுக்குப் போகிறது. திரும்பக் கேட்க முடியாது, காட்சிக்கு வைத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் எடுபடாது. பதிப்புரிமையையும் கொடுக்கிறீர்களா என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், படித்துவிட்டுக் குறியிடுங்கள். வரிவிலக்குக்காகப் பொருளின் விலையை மதிப்பிட்டுத் தரச் சொல்லிச் சங்கத்தைக் கேட்கக் கூடாது. அது அவர்கள் செய்யக்கூடாத வேலை.

மூலத்தைப் பிரிய மனமில்லை என்றால் ஸ்கேன் பிரதி மட்டும் கொடுக்கலாமா என்று கேளுங்கள். 2008-ல் தொடங்கி இப்போது பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக்காப்பகம், சுருக்கமாக சாடா, இந்த வழியில்தான் சேகரிக்கிறது. மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். நான் இரண்டும் செய்வேன்: படங்களின் பிரதி சாடாவுக்கு, ஊர் சம்பந்தப்பட்ட காகிதங்களின் மூலப் பிரதி கவுண்டிக்கு. ஏனென்றால் அந்த ஊரைப் பற்றித் தேடுகிற பள்ளிப் பிள்ளை முதலில் போகிற இடம் கவுண்டிதான்.

தமிழில் இருப்பவற்றுக்கு ஒவ்வொரு கோப்பு உறைக்கும் நாலு வரி ஆங்கிலக் குறிப்பு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். என்ன ஆவணம், யார் எழுதியது, எந்த நாள், படத்தில் இடமிருந்து வலமாக யார் யார். அத்தை, பெரியம்மா வேண்டாம், முழுப் பெயர். சந்தேகமுள்ள பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். கொடைப் பத்திரத்தின் ஒரு நகலில் அவர்கள் எண்ணைக் குறித்துத் தருவார்கள். அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளை என்றைக்காவது போய்க் கேட்டால், அந்த எண்ணைச் சொன்னால்தான் பெட்டி வெளியே வரும்.